பண்டகசாலையின் இடைவழி

வட சென்னையில் டோல்கேட் என்பது முதலில் ஒரு வாயிலின் பெயர். பின்னர்தான் அது இடத்தின் பெயராயிற்று. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பட்டணத்தை நோக்கி வந்த வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய சாவடி இங்கே இருந்தது. வாயில் மறைந்தது, வாங்கிய சுங்கமும் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதற்குச் சற்று வடக்கே காலடிப்பேட்டை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராய் இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை அது. காலெட் பேட்டை நம்மவர் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது, பழைய சுங்கவாயில் இருந்த இடத்திலும் ஒரு நிலையம் எழுந்தது.

இப்பகுதியின் நில அமைப்பை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கிழக்கே கடல்; மேற்கே பக்கிங்காம் கால்வாயும் இருப்புப்பாதையும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் ராயபுரம் முதல் எண்ணூர் வரை குடியிருப்பும், மீன்பிடி குப்பங்களும், ஆலைகளும், பண்டகசாலைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இங்கே ஓர் அடி நிலமும் வீணாகக் கிடக்க இடமில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பார்வைக்கு மிகச் சிறியது. பண்டகசாலைக்குள்ளே சரக்கு அடுக்குகளுக்கு நடுவில் விடப்படும் இடைவழியைப் பற்றியது அது. அந்த வழி எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும்? அதைத் தீர்மானிப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுதோறும் வெவ்வேறு விடை கிடைத்திருக்கிறது. அவ்விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், சுமை தூக்கிய மனிதனின் வரலாறே அதில் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

சரக்கைக் குவித்துக் காப்பது தமிழருக்குப் புதிய தொழில் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பண்டங்களும் ஏறவிருந்த பண்டங்களும் மலைபோல் குவிந்து கிடந்ததையும், சுங்க அலுவலர் அவற்றின்மேல் சோழரின் புலி முத்திரையைப் பொறித்ததையும் பட்டினப்பாலை கூறுகிறது. ‘கிடங்கு’ என்னும் நம் சொல்லோ கடல் கடந்து போய் வந்த சொல் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். தென்னாட்டுச் சொல் மலாய் மொழியில் ‘குடாங்’ ஆகி, போர்த்துகீசியர் வாயில் திரிந்து, ஆங்கிலேயர் வழியாக ‘குடோன்’ என்று நமக்கே திரும்பி வந்தது என்பது அவர்கள் கருத்து. பேசின் பிரிட்ஜ் அருகே ‘சால்ட் கொட்டார்ஸ்’ என்று வழங்கும் ரயில்வே சரக்கு நிலையத்தின் பெயரிலும் ‘கொட்டாரம்’ என்னும் பழைய தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது. களஞ்சியம் என்பது அதன் பொருள். உப்புக் கொட்டாரம் ஆங்கில உடை உடுத்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே.

அந்தக் கொட்டாரங்களிலும் கிடங்குகளிலும் சரக்கை அடுக்கியவர் யார்? மனிதர்தாம். தலையில் சும்மாடு, கையில் மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கி, முதுகில் வியர்வை. இவ்வளவே அவர்களுடைய கருவிகள். மூட்டையை அடுக்குவதற்கு ‘அட்டி போடுதல்’ என்று பெயர். அட்டி உயர உயர, அதன்மேல் பலகையைச் சாய்த்து, அப்பலகை வழியே சுமையோடு ஏறுவர். இத்தகைய கிடங்கில் இடைவழிக்கு வேண்டிய அகலம் மிகக் குறைவு. ஒருவர் சுமையோடு போக, மற்றொருவர் வெறுந்தலையோடு திரும்பி வர, நான்கடி இருந்தால் போதும். மனிதன் நின்ற இடத்திலேயே திரும்புவான், குனிவான், பக்கவாட்டில் நகர்வான். குறுகிய வழிக்கு அவனைப்போல் பொருத்தமான இயந்திரம் இன்றுவரை செய்யப்படவில்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கான விலையைக் கிடங்கின் உடைமையாளர் கொடுக்கவில்லை. சுமந்தவனுடைய முதுகெலும்பு கொடுத்தது. ஒரு காலத்தில் தானிய மூட்டை ஒன்று 100 கிலோ இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது சுமப்பவனுடைய சொந்த எடையைவிடக் கூடுதல்.

சுமையின் துன்பத்தை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பழைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கற்களை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைத் தோளளவு உயரத்தில் கிடத்தியிருப்பர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது வழக்கம். அந்தக் கல்லின் அருமையை ஓர் இயந்திர நூலாசிரியரின் கண்கொண்டு பாருங்கள். சுமையைத் தரையில் வைத்தால், மீண்டும் தலைக்கு ஏற்றப் பிறர் உதவி வேண்டும். தோளளவில் வைத்தால், தனியொருவனே இறக்கலாம்; தனியொருவனே ஏற்றிக்கொள்ளலாம். சுமையைச் சுமப்பதைவிட அதைத் தரையிலிருந்து உயர்த்துவதுதான் கடினம் என்னும் உண்மையை அந்தக் கல் அறிந்திருந்தது. பின்னாளில் மேல்நாட்டார் செய்த தூக்குவண்டி அனைத்தும் இந்த ஓர் உண்மையின்மேல்தான் எழுந்தன.

சென்னைக் கடற்கரைக்கு வருவோம். இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கை இறக்கி வரும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. ரயில் வந்துவிட்டது, ஆயினும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகும் மனிதத் தலையுமே பாலமாய் இருந்தன. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் அமைந்தது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் நினைவுக்கல் நாட்டத் துறைமுக வேலை தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். 1904-இல் துறைமுகத் தலைமையை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்து, அதனைப் பயனுள்ள துறைமுகமாக்கினார். கணித மேதை இராமானுஜன் 1912-இல் எழுத்தராய்ச் சேர்ந்தது அவர் தலைமையில் இருந்த அலுவலகத்தில்தான்.

துறைமுகம் கொடுத்ததோடு எடுத்தும் கொண்டது. கரையோரமாய் வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து அகன்ற மெரினாக் கடற்கரை உருவாயிற்று. வடக்கே மணல் வராமல் ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. சரக்கு பெருகிற்று, சரக்கை வைக்க வேண்டிய நிலமோ தேய்ந்தது. இந்த முரண்பாட்டில்தான் வட சென்னைப் பண்டகசாலைகளின் கதை நடக்கிறது.

இனி, இயந்திரத்தின் கதையைப் பார்ப்போம். 1906-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, மின்கலத்தால் ஓடும் தட்டுவண்டியைப் பயணிகளின் பெட்டி படுக்கைகளைக் கொண்டுபோகப் பயன்படுத்தியது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆட்பஞ்சம் வந்தது. 1917-இல் கிளார்க் என்னும் நிறுவனம் தன் தொழிற்சாலைக்குள் சரக்கு இழுக்க ஒரு சிறு வண்டியைச் செய்தது. பார்க்க வந்தவர்கள் தமக்கும் வேண்டுமெனக் கேட்டனர். 1923-இல் யேல் நிறுவனம், நிமிர்ந்த தூண் ஒன்றில் மேலும் கீழும் ஏறி இறங்கும் கவைக் கரங்களோடு மின்வண்டி செய்தது. வைக்கோல் வாரும் கவையை நேயர்கள் அறிவீர்கள். அதைப்போல இரு இரும்புக் கரங்கள் சரக்கின் அடியில் நுழைந்து தூக்கும். இதுவே ஃபோர்க்லிஃப்ட்.

கவைக்கு ஏற்ற துணை ஒன்று வேண்டியிருந்தது. மூட்டையின் அடியில் கவை நுழைய இடைவெளி இல்லை. ஆகவே மரச்சட்டங்களை இணைத்து, நடுவே இடைவெளி விட்டு, ‘பேலட்’ என்னும் தட்டைச் செய்தனர். அந்தத் தட்டில் சரக்கை ஒருமுறை அடுக்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு மூட்டையாகத் தொட வேண்டியதில்லை. தட்டோடு தூக்கி, தட்டோடு வைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் உலகெங்கும் சரக்கு அனுப்பியபோது பேலட்டும் ஃபோர்க்லிஃப்ட்டும் சேர்ந்தே பரவின. நம் நாட்டிலும் 1960-களில் மும்பை விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனம் இவ்வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று.

இந்த முதல் வகை வண்டியின் தத்துவம் நம் ஏற்றத்தின் தத்துவமே. கிணற்றின் பக்கம் நீர்ச்சால்; மறுபக்கம் அதற்கு ஈடுகட்டும் பாரம்; நடுவே அச்சு. ஃபோர்க்லிஃப்ட்டில் முன்சக்கரத்தின் அச்சே துலாவின் அச்சு. முன்னே கவையில் சரக்கு. பின்னே வார்ப்பிரும்புப் பாரம். இரண்டு டன் தூக்கும் வண்டி, தானே ஏறக்குறைய மூன்றரை டன் எடை இருக்கும். சரக்கின் நடுப்பகுதி கவையின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தால்தான் அந்த இரண்டு டன் கணக்கு செல்லும். சரக்கு நீண்டு முன்னே தள்ளினால், அதே வண்டி குறைவாகவே தூக்க முடியும். கணக்கை மறந்தால் முன்புறம் குப்புறச் சாயும்.

இத்தகைய வண்டியைக் குறுகிய வழியில் திருப்ப முடியாது என்பது எளிதில் விளங்கும். பின்பாரத்தின் நீளம், வண்டியின் நீளம், முன்னே சரக்கின் நீளம் மூன்றும் சேர்ந்து ஒரு வட்டமடிக்க வேண்டும். இடைவழியில் நேராக வந்த வண்டி, அடுக்கை நோக்கிச் செங்கோணமாகத் திரும்ப ஏறத்தாழ 4 மீட்டர் அகலம் கேட்கும். மனிதன் நான்கடியில் செய்த வேலைக்கு இயந்திரம் பதின்மூன்று அடி கேட்டது. முதுகெலும்பு தப்பியது, நிலம் அகப்பட்டுக்கொண்டது.

நிலம் மலிவாக உள்ள நாடுகளில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. நெருக்கமான நகரங்களிலோ கிடங்குக்காரர் கணக்குப் பார்த்தனர். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். 64 மீட்டர் அகலமுள்ள ஒரு பண்டகசாலை என்று வைத்துக்கொள்வோம். முதுகோடு முதுகாய் நிற்கும் இரட்டை அடுக்கு ஒன்றுக்கு 2.4 மீட்டர் வேண்டும். இடைவழி 4 மீட்டரானால், அடுக்கும் வழியும் சேர்ந்து 6.4 மீட்டர்; ஆக 10 இரட்டை அடுக்குகள். இடைவழியை 2.8 மீட்டராகக் குறைத்தால் 12 அடுக்குகள். 1.6 மீட்டராகக் குறைத்தால் 16 அடுக்குகள். கட்டடம் அதே; கூரை அதே; சரக்கோ பத்துக்குப் பதினாறு. இந்தக் கணக்கே குறுகிய வழி வண்டிகளைப் பெற்ற தாய்.

அவ்வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ‘ஸ்டேக்கர்’ எனப்படும் சிறு வண்டி. ஓட்டுபவர் பெரும்பாலும் கூடவே நடந்து செல்வார். பின்னே பாரம் இல்லை. அதற்குப் பதில் முன்னே இரு கால்கள் நீண்டு, சரக்கின் அடியிலோ பக்கங்களிலோ தரையைத் தொட்டு நிற்கும். கால் ஊன்றியவன் சாயமாட்டான் அல்லவா? ஆகவே வண்டி இலேசாய், குட்டையாய் அமைகிறது. சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர் வழி போதும். நிதானமாய் வேலை செய்யும் சிறு கிடங்குகளுக்கு இது ஏற்றது.

இரண்டாவது, ‘ரீச் டிரக்’. 1954-இல் பிரிட்டனின் லான்சிங் பாக்னல் நிறுவனம் மின்சார ரீச் டிரக் ஒன்றைச் செய்து, குறுகிய வழிக்கான இவ்வகையில் இதுவே முதலாவது என்று உரிமை பாராட்டிற்று. இதன் சாமர்த்தியம் என்னவெனில், சரக்கை எடுக்கும்போது மட்டும் தூணோ கவையோ முன்னே நீளும். எடுத்தவுடன் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடும்போது சரக்கு சக்கரங்களுக்கு நடுவிலேயே இருப்பதால் வண்டியின் நீளம் குறைகிறது. பின்பாரமும் பெரிதாய் வேண்டாம், மின்கலமே பாரமாகிவிடும். ஓட்டுநர் பக்கவாட்டில் அமர்ந்திருப்பார். முன்னும் பின்னும் பார்க்கக் கழுத்தை முழுதும் திருப்ப வேண்டியதில்லை. இடைவழி 2.7 முதல் 3 மீட்டர் வரை. உயரமோ 10 மீட்டரையும் தாண்டும். உலகப் பண்டகசாலைகளில் மிகுதியாய் வழங்கும் குறுகிய வழி வண்டி இதுவே எனலாம்.

மூன்றாவது, இடுப்பு மடங்கும் வண்டி. இதன் முன்பகுதி, தூணோடும் கவையோடும், வண்டியின் நடுவில் உள்ள கீலில் இடமும் வலமும் திரும்பும். உடல் நேரே நிற்க, முகத்தை மட்டும் அடுக்கின் பக்கம் திருப்புவது போன்றது இது. இரண்டு மீட்டர் அளவு வழியில் வேலை செய்யும்; வெளியே சென்று லாரியிலும் சரக்கு ஏற்றும். இவ்வகையில் பெயர் பெற்ற ‘பெண்டி’ வண்டி இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்தது. அந்த நகரத்தின் பெயர் டோல்கேட்டுக்கு அன்னியமானது அன்று. ராயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளும் ரெட்டிச்சில் பிறந்ததே. 1950-களில் அது திருவொற்றியூருக்கு வந்து இம்மண்ணில் வேரூன்றிற்று.

நான்காவது, மிகக் குறுகிய வழிக்கான கோபுர வண்டி. இது அடுக்கை நோக்கித் திரும்புவதே இல்லை. தண்டவாளத்தில் ரயில் போவதுபோல இடைவழியில் நேரே போய் நேரே வரும். கவை மட்டும் இடப்பக்கமோ வலப்பக்கமோ செங்கோணத்தில் திரும்பிச் சரக்கை வைக்கும். தரையில் பதித்த கம்பியின் மின்குறிப்போ, இருபுறத்து இரும்புத் தண்டோ வண்டியை வழிநடத்தும். சிலவற்றில் ஓட்டுநர் அமரும் கூண்டும் சரக்கோடு உயரே போகும். இடைவழி 1.6 முதல் 1.8 மீட்டர், அதாவது ஐந்தேகால் அடி முதல் ஆறடி வரை. மனிதத் தோளுக்குப் போதுமாயிருந்த நான்கடியை இயந்திரம் ஏறத்தாழ எட்டிப் பிடித்துவிட்டது என்று சொல்லலாம்.

குழாய், மரம், இரும்புச் சட்டம் போன்ற நீண்ட சரக்குக்குப் பக்கவாட்டில் தூக்கும் வண்டி தனியே உண்டு. அதைப்பற்றி விரிக்க இப்போது நேரம் இல்லை.

இவ்வளவும் கேட்ட நேயர், ‘அப்படியானால் எல்லோரும் நான்காம் வகையையே வாங்கிவிடலாமே’ என்று எண்ணக்கூடும். அங்கேதான் பொறுமை வேண்டும். வழி குறையக் குறைய, மற்றவற்றின்மீது வண்டி விதிக்கும் கட்டளைகள் கூடுகின்றன. தரையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் இருக்கிறது. ஒருபுறம் தரை 3 மில்லிமீட்டர் மட்டும் தாழ்ந்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கே தெரியாத பள்ளம். ஆனால் 10 மீட்டர் உயரத்தில் கவை 25 மில்லிமீட்டர் சாய்ந்து நிற்கும். பக்கத்து அடுக்குக்கும் கவைக்கும் நடுவே விரற்கடையளவே இடம் உள்ள வழியில் அந்தச் சாய்வு விபத்துக்கு வித்து. கடலோர மணலிலும், தூர்த்து நிரப்பிய நிலத்திலும் தரை எங்கும் ஒரே சீராக இறங்குவதில்லை. வட சென்னையில் பண்டகசாலை எழுப்புவோர் வண்டி வாங்குமுன் தரையை வாங்க வேண்டும் என்பேன். தளம் போட்ட பொறியாளரை முதலில் கலந்து, வண்டி விற்பவரைப் பிறகு கேட்பதே முறை.

மற்றொன்று, இவ்வண்டி இடைவழிக்கு உள்ளே ஓடும்போது மனிதன் அங்கே இருக்கலாகாது. ஒதுங்கி நிற்க இடமில்லாத வழி அது. 4 மீட்டர் வழியில் வண்டியும் ஆளும் ஒருவரையொருவர் கண்டு விலகலாம், 1.6 மீட்டர் வழியில் விலகுவது எங்கே? ஆகவே வண்டிக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு நேரம் என்று பிரித்தே ஆக வேண்டும். இந்த ஒழுங்கைக் காக்க முடியாத கிடங்கு, அகன்ற வழியோடு இருப்பதே நன்று.

நம் கரைக்கு உரிய இன்னொரு குறுகிய வழியும் உண்டு, அதுதான் கன்டெய்னர். 1956-இல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிச் சென்றது மால்கம் மக்லீன் என்பவரின் கப்பல். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் திறக்கப்பட்டது. 2001-இல் எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்தது. இன்று அது காமராஜர் துறைமுகம். இவற்றுக்கு நடுவே, தண்டையார்பேட்டை முதல் மணலி வரை கன்டெய்னர்களைத் திறந்து சரக்கு இறக்கும் நிலையங்கள் எழுந்தன. கன்டெய்னரின் உட்புற அகலம் சுமார் 2.35 மீட்டர்; எட்டடிக்கும் குறைவு. அதற்குள் ஃபோர்க்லிஃப்ட் நேரே நுழைந்து, நேரே பின்வாங்க வேண்டும். கவையை உயர்த்தும்போது தூண் கூரையை இடிக்காதபடி அமைந்த தனி வகைத் தூண் இதற்கு வேண்டும்.

ஆனால் இந்தப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே பேலட் இருப்பதில்லை. இடம் முழுவதையும் நிரப்ப வேண்டி, அட்டைப்பெட்டிகளையும் மூட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே அடுக்கி அனுப்புகின்றனர். வாயிலில் ஃபோர்க்லிஃப்ட் நிற்கும். உள்ளே வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள் மனிதன் மூட்டையை எடுத்துத் தட்டில் வைப்பான். கடைசிப் பத்தடி இன்னும் அவனுடைய தோளில்தான் இருக்கிறது. நூறாண்டு இயந்திர வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பத்தடியை மறைத்துவிட்டுப் பேச என் மனம் ஒப்பவில்லை.

அந்தத் தோளுக்காகச் சட்டமும் மெல்ல நடந்து வந்திருக்கிறது. 1918-இல் சென்னையில் தொழிற்சங்கம் முறையாகத் தோன்றிற்று. 1923-இல் சிங்காரவேலர் இந்நகரின் கடற்கரையில் மே தின விழா எடுத்தார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், உடலுக்குத் தீங்கு தரும் அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கலாகாது என்றது. அதே ஆண்டில் வந்த துறைமுகத் தொழிலாளர் சட்டம், நாட்கூலிக்காக விடியற்காலையில் வாயிலில் காத்துநின்றவர்களுக்குப் பதிவும் ஒழுங்கும் அளிக்க வழி செய்தது. 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆடவன் ஒருவன் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நூறு கிலோ மூட்டை ஐம்பது கிலோவாகக் குறைந்தது, இந்த நீண்ட நடையில் கண்கூடாகக் கிடைத்த ஒரு பலன்.

இயந்திரம் வந்தால் ஆளுக்கு வேலை போகும் என்னும் அச்சத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். பத்துப் பேர் அடுக்கிய சரக்கை ஒரு வண்டி அடுக்குகிறது என்றால், ஒன்பது குடும்பங்களின் அடுப்பைப் பற்றி யாரேனும் எண்ணத்தான் வேண்டும். அதற்காக முதுகு ஒடியும் வேலையைப் போற்றிக் காப்பதும் நீதியாகாது. நடுவே ஒரு நேர்வழி உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. சரக்கின் குணம் அறிந்தவன் அதைச் சுமந்தவனே. எந்த மூட்டை வழுக்கும், எந்த அட்டி சாயும், ஈரம் பட்ட சரக்கு எப்படிக் கனக்கும் என்பது அவன் உடலால் கற்ற கல்வி. புதிய வண்டியின் இருக்கைக்கு முதலில் பயிற்றுவிக்கத் தக்கவன் அவன்தான். வெளியிலிருந்து ஓட்டுநரைக் கொண்டுவந்து, பழைய சுமையாளரை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் பண்டகசாலை, வண்டியை வாங்கியது, அனுபவத்தை விற்றுவிட்டது.

நேயர்களே, இடைவழியின் அகலத்தை முதலில் மனிதனின் தோள் முடிவு செய்தது. பிறகு வார்ப்பிரும்புப் பாரம் முடிவு செய்தது. இப்போது நிலத்தின் விலை முடிவு செய்கிறது. இனிப் பண்டகசாலை கட்டும் எவரும் வண்டியின் வகையைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று செய்திகளை விசாரித்துக்கொள்வது நலம். தரை தாங்குமா? வண்டி ஓடும் வழியிலிருந்து ஆளை விலக்கிவைக்க ஒழுங்கு உண்டா? நேற்று வரை சுமந்தவனுக்கு நாளை என்ன வேலை? முதலிரண்டுக்கும் பொறியாளர் விடை சொல்வார். மூன்றாவதற்கு விடை சொல்ல வேண்டியவர் உடைமையாளர். அந்த விடையைப் பெற்ற பிறகே இடைவழிக்குக் கோடு கிழிக்க வேண்டும்.